உங்கள் பியானோவைத் திறந்து படியுங்கள்

பழைய பியானோக்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் திருச்சபைக் குழுவினர், பள்ளி நிர்வாகிகள், வீட்டார் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உங்கள் ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலோ, பள்ளி அரங்கில் திரைக்குப் பின்னாலோ, தாத்தா பாட்டி விட்டுச்சென்ற வீட்டின் முன்னறையிலோ ஒரு பழைய பியானோ நிற்கிறது. அதை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே கனமான இரும்பு இருக்கிறது, எடைக்குப் போட்டால் பணம் வரும் என்கிறார் ஒருவர். வெள்ளை வண்ணம் அடித்து அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். கம்பிகளை எல்லாம் மாற்றிப் புதுப்பிக்கலாம், நன்கொடை திரட்டுவோம் என்கிறார் மற்றொருவர். பழைய பியானோக்களைத் திறந்து சுருதி சேர்க்கும் ட்யூனர் என்ற உரிமையில் இந்த மூவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். முடிவெடுக்கும் முன் அதைத் திறங்கள். உள்ளே எழுதியிருப்பது அனைத்தையும் படித்துப் படமெடுத்து வையுங்கள். பிறகு எந்த முடிவை வேண்டுமானாலும் எடுங்கள்.

பியானோவுக்குள் என்ன எழுத்து என்று கேட்பீர்கள். இரும்புச் சட்டத்தில் வார்த்தெடுத்த பெயர்கள், மரத்தில் அச்சுக்குத்திய எண்கள், கம்பிகளை ஒட்டிச் சிறு இலக்கங்கள், கட்டைகளின் பக்கவாட்டில் பென்சில் குறிப்புகள் என்று நிறைய உண்டு. இவற்றில் எதுவும் அழகுக்காக எழுதப்பட்டதல்ல. தொழிற்சாலையில் ஒருவர் தன் வேலையை முடித்து அடுத்தவரிடம் கொடுக்கும்போது எழுதியவை சில. ஒரு ட்யூனர் தனக்குப் பின் வரப்போகும் ட்யூனருக்காக எழுதிவைத்தவை சில. திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளைத் தேய்த்துவிட்டுப் பிறகு வருந்தினோம் அல்லவா, அதே இழப்புதான் வண்ணப் பூச்சாலும் உப்புத்தாளாலும் பழைய பியானோக்களுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. சுத்தம் செய்தோம் என்று பெருமையோடு காட்டப்படும் பியானோக்களில், எண் இருந்த இடம் வழவழவென்று இழைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்தத் தொழிலாளியாலும் முடியாது.

முதலில், எப்படித் திறப்பது? சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவாக இருந்தால் மேல்மூடியைத் தூக்குங்கள். முன்பலகையின் இரு ஓரங்களிலும் உட்பக்கமாக மரத்தாலான திருகுத் தாழ்கள் இருக்கும். அவற்றைத் திருப்பினால் பலகை அப்படியே கையோடு வரும். இரண்டு பேராகப் பிடியுங்கள். கால்மிதிகளுக்கு மேலுள்ள கீழ்ப்பலகையைப் பெரும்பாலும் ஒரு பட்டை ஸ்பிரிங் பிடித்திருக்கும். அதை மேலே அழுத்தினால் பலகை முன்னால் சாயும். படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில் மூடியை உயர்த்தி, இசைத்தாள் வைக்கும் பலகையை வெளியே இழுத்தால் போதும். இதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம். கம்பிகளை முறுக்கி நிறுத்தும் ட்யூனிங் பின் எதையும் திருக வேண்டாம். சுத்தியல்கள் அடங்கிய ஆக்‌ஷன் பகுதியை வெளியே எடுக்கப் பழகிய கை வேண்டும். கிராண்டில் அதை இழுக்கும்போது ஒரு கட்டை அழுந்தினாலே சுத்தியலின் தண்டு ஒடிந்துவிடும். கம்பியில் துரு தெரிகிறதே என்று எண்ணெய் பூசவோ, துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கவோ கூடவே கூடாது. அந்த எண்ணெய் பின்கள் செருகியிருக்கும் மரத்துக்குள் இறங்கினால் பின்கள் பிடிப்பை இழக்கும். அதன் பிறகு எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது. உங்களுக்கு வேண்டியது ஒரு டார்ச், ஒரு கேமரா, ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

முதலில் தேட வேண்டியது பியானோவின் வரிசை எண். ட்யூனிங் பின்களுக்கு அருகே இரும்புச் சட்டத்தின் மேல், அல்லது மூடியைத் தூக்கியதும் தெரியும் மரத்தின் மேல்விளிம்பில், அல்லது பின்பக்க மரத்தில் அது இருக்கும். நாலைந்து இலக்கங்களோ அதற்கு மேலோ கொண்ட ஓர் எண். எல்லா எண்ணும் வரிசை எண் ஆகிவிடாது. இரும்பிலேயே புடைத்து நிற்கும் எண், வார்ப்பு அச்சோடு வந்தது. அதே அச்சில் வார்த்த எல்லாச் சட்டங்களிலும் அது இருக்கும். அச்சுக்குத்தியதோ, வண்ணத்தில் எழுதியதோதான் அந்த ஒரு பியானோவுக்கே உரியது. மூடி, முன்பலகை, கால்கள் ஆகியவற்றின் உட்பக்கத்திலும் அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கக்கூடும். தொழிற்சாலையில் ஒரு பியானோவின் பலகை இன்னொன்றுக்குப் போய்விடாமல் இருக்க அப்படிக் குறித்தார்கள்.

இந்த எண்ணைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு இசையமைப்பாளர் ஷோபானின் பியானோவைவிட நல்ல சான்று இல்லை. 1848-இல் பாரீஸிலிருந்து லண்டன் போன ஷோபான் தன்னோடு ஒரு ப்ளெயெல் கிராண்ட் பியானோவைக் கொண்டுபோனார். திரும்பும் முன் அதை அங்கேயே விற்றுவிட்டார். பிறகு அது எங்கே போனது என்று தெரியாமல் போயிற்று. இங்கிலாந்தில் பழைய பியானோக்களைச் சேகரிக்கும் அலெக் காப் என்பவர் 2,000 பவுண்டு கொடுத்து ஒரு பழைய ப்ளெயெல் வாங்கினார். அது யாருடையது என்று அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. 2007-இல் ஸ்விட்சர்லாந்து அறிஞர் ழான்-ழாக் ஐகெல்டிங்கர் ப்ளெயெல் நிறுவனத்தின் பழைய பேரேடுகளோடு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். 13819 என்ற எண், ஷோபான் லண்டன் கொண்டுபோன பியானோவின் எண். காப் வாங்கிய பியானோவிலும் அதே எண். ஏறத்தாழ 160 ஆண்டுகளாக யாரும் அதைச் சுரண்டாமல் விட்டதால்தான் இந்த அடையாளம் சாத்தியமாயிற்று.

லண்டன் ப்ராட்வுட் நிறுவனம் 1817-இல் பேத்தோவனுக்குப் பரிசாக அனுப்பிய பியானோவின் எண் 7362. அன்றைய லண்டன் இசைக்கலைஞர்கள் சிலர் அதில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். பின்னர் பியானோ கலைஞர் லிஸ்ட்டின் கைக்குப் போய், இன்று புடாபெஸ்டில் ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ப்ராட்வுட்டின் பழைய கணக்குப் புத்தகங்களை இங்கிலாந்தின் வோக்கிங் நகரிலுள்ள சர்ரே வரலாற்று மையம் பாதுகாக்கிறது. ஸ்டைன்வேயின் எண் வரிசையும் அப்படித்தான் பேசும். 1853-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரில் வந்த முதல் பியானோவுக்கு 483 என்று எண். 1,00,000 எண்ணிட்ட பியானோ 1903-இலும், 3,00,000 எண்ணிட்டது 1938-இலும் அமெரிக்க வெள்ளை மாளிகைக்குப் பரிசாகப் போயின. ஆக, ஒரு ஸ்டைன்வேயின் எண் தெரிந்தால் அதன் வயது தெரியும். பெக்‌ஸ்டைன், ப்ளூத்னர் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் எண் பட்டியல்களும் அச்சில் வந்திருக்கின்றன. உங்கள் பியானோ பேத்தோவனுடையதாக இருக்காது. ஆனால் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொல்லும் ஒரே சாட்சி பெரும்பாலும் அந்த எண்தான்.

அடுத்தது பெயர். கட்டைகளை மூடும் பலகையில் பொன்னெழுத்தில் இருப்பதுதான் செய்தவரின் பெயர் என்று நம்பிவிடாதீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைக்காரர்கள் தொழிற்சாலைகளிடம் பியானோ வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றது சாதாரண வழக்கம். மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் இறக்குமதி வணிகர்களும் அப்படிச் செய்தார்கள். உண்மையான பெயர் பலநேரம் இரும்புச் சட்டத்தின் வார்ப்பிலோ, ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டில் பதித்த முத்திரையிலோ இருக்கும். ஆக்‌ஷனின் மரத்தடியில் ஒரு பெயர் தெரிந்தால் அங்கேயும் நிதானம் வேண்டும். ஷ்வாண்டர், ஹெர்பர்கர் ப்ரூக்ஸ், ரென்னர், லாங்கர் ஆகியோர் ஆக்‌ஷன் மட்டும் செய்து பல பியானோ நிறுவனங்களுக்குக் கொடுத்தவர்கள். "எங்களிடம் ஷ்வாண்டர் பியானோ இருக்கிறது" என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பியானோவின் தாய்வீடு வேறெங்கோ இருக்கிறது.

எண் அழிந்துபோன பியானோவுக்கும் வயதைக் கணிக்கச் சில வழிகள் உண்டு. ஜெர்மன் இரும்புச் சட்டங்களில் டி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்து இருந்தால், அது ஜெர்மன் பேரரசின் காப்புரிமைக் குறி. அந்தக் காப்புரிமைச் சட்டம் 1877-இல்தான் வந்தது. டி.ஆர்.ஜி.எம். என்று நான்கெழுத்து இருந்தால் 1891-க்கு முன் போகாது. "மேட் இன் ஜெர்மனி" என்று ஆங்கிலத்தில் இருந்தால், அயல்நாட்டுப் பொருள்களில் நாட்டின் பெயரைக் குறிக்கச் சொன்ன 1887-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிந்தையது என்று கொள்ளலாம். மூடியின் உட்பக்கம் பதக்கங்களின் படங்கள் இருந்தால் அவற்றில் உள்ள கடைசி ஆண்டைப் பாருங்கள். அமெரிக்க இரும்புச் சட்டங்களில் வார்த்திருக்கும் காப்புரிமைத் தேதிகளுக்கும் இதே கணக்குதான். 1859 என்று இருந்தால் 1859-இல் செய்தது என்று பொருள் இல்லை. அதற்கு முன் செய்திருக்க முடியாது என்றுதான் பொருள். பலகைகளின் மூட்டுகளில் பசையோடு பித்தளைத் திருகாணிகளும் கண்ணில் பட்டால், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கென்றே கட்டி அனுப்பிய பியானோ உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனிக் கம்பிகளுக்கு வருவோம். இந்த மடலில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். கம்பிகள் ஏன் இப்படிப் போகின்றன என்று புரிந்துவிட்டால், அவற்றை ஒட்டி எழுதிய ஒவ்வோர் இலக்கமும் தானாகப் பொருள் தரும்.

88 கட்டைகள் உள்ள பியானோவில் கடைசி வலக்கோடிக் கம்பியின் ஒலிக்கும் நீளம் சுமார் 5 செ.மீ. சுருதி ஒரு ஸ்தாயி இறங்க, அதே கம்பியாக இருந்தால் நீளம் இருமடங்காக வேண்டும். ஏழு ஸ்தாயிகளுக்கு மேல் இறங்கி இடக்கோடிக் கட்டைக்கு வரும்போது நீளம் ஏழரை மீட்டரைத் தாண்டிவிடும். அத்தனை நீளப் பியானோ எந்த வீட்டிலும் நுழையாது; மேடைக் கச்சேரிக்கான மிகப்பெரிய கிராண்டில்கூட நீளமான கம்பி சுமார் 2 மீட்டர்தான். ஆகவே கம்பியை நீட்டுவதற்குப் பதில் கனமாக்கினார்கள். வெறும் எஃகை மேலும் மேலும் தடிமனாக்கினால் அது விறைத்துப்போய், அதன் மேற்சுரங்கள் இசைவு தவறி ஒலி கரடுமுரடாகும். அதனால் மெல்லிய எஃகுக் கம்பியின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றினார்கள். கனம் கூடும், வளையும் தன்மை அப்படியே இருக்கும். நீங்கள் பார்க்கும் இடப்பக்கச் செந்நிறக் கம்பிகள் அவைதான்.

மெல்லிய கம்பிக்கு ஒலி குறைவு. அதனால் மேல்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள், செம்புக் கம்பிகளின் மேற்பகுதியில் இரண்டு, அடிமட்டத்தில் ஒன்றே ஒன்று. ஆக, 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 கிலோ எடையைத் தாங்கும் இழுவிசையில் நிற்கிறது. மொத்தமாகக் கூட்டினால் 16 டன்னுக்கு மேல். இந்தப் பாரத்தைத் தாங்கத்தான் இரும்புச் சட்டம். அமெரிக்காவில் ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-இல் சதுரப் பியானோவுக்கும், ஜோனஸ் சிக்கரிங் 1843-இல் கிராண்டுக்கும் ஒரே வார்ப்பாலான சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். உங்கள் பியானோவில் ட்யூனிங் பின்கள் செருகியிருக்கும் மரம் வெளியே தெரிந்து, இரும்பு அதற்குக் கீழேயே நின்றுவிட்டால் அது முக்கால் சட்டம். பின்கள் இருக்கும் பகுதிவரை இரும்பு ஏறிப் போயிருந்தால் முழுச் சட்டம். ஆங்கிலேயப் பியானோக்களில் "ஃபுல் அயர்ன் ஃபிரேம்" என்று பெரிய எழுத்தில் வார்த்திருப்பது அந்தக் காலத்தில் அது பெருமைக்குரிய செய்தியாக இருந்ததால்தான். இந்த வேறுபாட்டைக் குறித்துவையுங்கள்; எத்தனை பாரம் தாங்கும் என்ற கேள்வியில் இது மீண்டும் வரும்.

அடுத்து, கம்பிகளின் போக்கைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் இணையாகப் போனால் அது நேர்க்கம்பிப் பியானோ. செம்புக் கம்பிகள் சாய்வாக வந்து எஃகுக் கம்பிகளின் மேல் குறுக்காகப் போனால் அது குறுக்குக்கம்பிப் பியானோ, ட்யூனர்கள் ஓவர்ஸ்ட்ரங் என்பார்கள். கிராண்ட் பியானோவில் இந்த அமைப்புக்கு 1859-இல் காப்புரிமை பெற்றது ஸ்டைன்வே. குறுக்கே போட்டால் அதே பெட்டிக்குள் இன்னும் நீளமான மந்த்ர ஸ்தாயிக் கம்பிகள் அடங்கும். அவை ஏறி நிற்கும் குதிரை, சவுண்ட்போர்டின் ஓரத்திலிருந்து விலகி நன்றாக அதிரும் நடுப்பகுதிக்கு நகரும். அதற்காக நேர்க்கம்பி மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பாரீஸின் எரார் நிறுவனம் நெடுங்காலம் நேர்க்கம்பியையே கடைப்பிடித்தது. ஒவ்வொரு ஸ்தாயியும் தனித்துக் கேட்கும் அந்தத் தெளிவை விரும்பி பியானோ கலைஞர் டேனியல் பாரன்பாயிம், பெல்ஜியத்தில் பியானோ செய்யும் க்றிஸ் மானேயைக் கொண்டு ஒரு நேர்க்கம்பி கிராண்டைப் புதிதாகவே செய்வித்து 2015-இல் மேடையேற்றினார். ஆகவே "நேர்க்கம்பிதானே, தூக்கிப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

மூன்று கம்பிகள் உள்ள பகுதியை டார்ச் அடித்துக் கீழ்முனைவரை பின்தொடருங்கள். ஒரு பின்னில் தொடங்கும் கம்பி கீழே சட்டத்திலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பி வந்து அடுத்த பின்னில் முடியும். கம்பி ஒன்று, ஒலிப்பது இரண்டாக. அப்படியானால் மூன்று கம்பிகள் உள்ள ஒரு கட்டைக்கு ஒன்றரைக் கம்பி, அடுத்தடுத்த இரு கட்டைகளுக்குச் சேர்த்து மூன்று கம்பி. நடுவிலுள்ளது இரு கட்டைகளுக்கும் பொது. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கட்டையின் ஒலியும் சில நேரம் ஏன் குறைகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வியன்னாவின் பியோசன்டார்ஃபர் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு கம்பியையும் தனியாகக் கண்ணிபோட்டுக் கட்டும். ப்ளூத்னர் கிராண்டின் மேல்பகுதியில் ஒரு கட்டைக்கு நான்கு கம்பிகள் இருக்கும். 1873-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்காவதைச் சுத்தியல் தொடாது, மற்றவை ஒலிக்கும்போது கூடவே அதிர்ந்து ஒலியைச் செழிக்கச் செய்யும். இது தெரியாத ஒருவர் அதை வேண்டாத கம்பி என்று வெட்டி எறிந்துவிட்டால் அந்தப் பியானோவின் சிறப்பே போயிற்று.

இப்போது கம்பிகளை ஒட்டிய இலக்கங்களைப் பாருங்கள். குதிரையின் மேலோ பின்களுக்கு அருகிலோ 13, 13½, 14, 14½ என்று அச்சுக்குத்தியோ பென்சிலாலோ குறித்திருப்பார்கள். அவை சுரங்களின் எண் அல்ல, கம்பியின் தடிமன். 13 என்றால் 0.775 மி.மீ., 17 என்றால் 0.975 மி.மீ., 20 என்றால் 1.125 மி.மீ. ஒவ்வோர் அரை எண்ணுக்கும் 0.025 மி.மீ. கூடும். அந்த இலக்கம் எழுதிய இடத்திலிருந்து அடுத்த இலக்கம் வரும்வரை அதே தடிமன். இத்தனை நுணுக்கம் எதற்கு? 13 இருக்க வேண்டிய இடத்தில் 14 போட்டால் அதே சுருதிக்கு இழுவிசை சுமார் 13 சதவீதம் கூடிவிடும். ஒரு பகுதி முழுக்க அப்படி மாற்றினால் சட்டத்தின் பாரம் மாறும், ஒலியின் நிறம் மாறும். கம்பி மாற்றும் வேலைக்கு வருகிறவர் இந்த இலக்கங்களைப் படிக்காமல் கையில் இருக்கும் கம்பியைப் போட்டுவிட்டுப் போனால், நீங்கள் திரட்டிய நன்கொடை முழுதும் செலவழிந்தும் பழைய குரல் திரும்பாது. செம்புக் கம்பிகளுக்கு இந்த எண் மட்டும் போதாது. உள்கம்பியின் தடிமன், செம்போடு சேர்ந்த மொத்தத் தடிமன், செம்பு தொடங்கும் இடம், முடியும் இடம் என்று எல்லா அளவும் வேண்டும். ஆகவே கழற்றிய பழைய செம்புக் கம்பிகளை எடைக்குப் போடாமல், வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். புதியவை பொருந்தவில்லை என்றால் அவைதான் அளவுகோல்.

சில பியானோக்களில் பின்களுக்கு அருகே சுரப்பெயர்களும் எழுதியிருக்கும். ஏ, பி, சி என்று வரிசையாக வந்தால் பெரும்பாலும் ஆங்கிலேயக் கை. நடுவில் எச் என்ற எழுத்து வந்தால் அது ஜெர்மன் முறை. ஆங்கிலேயர் பி என்பதை ஜெர்மானியர் எச் என்பார்கள், ஆங்கிலேயரின் பி ஃபிளாட்தான் அவர்களுக்கு பி. இது தெரியாமல் படித்தால் ஒரு கட்டை தள்ளிப் படித்துவிடுவோம்.

கட்டைகளின் மேல் எழுதியவற்றுக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் கை படாத உட்பகுதியில் 1 முதல் 85 அல்லது 88 வரை எண் குத்தியிருக்கும். பல பழைய பியானோக்கள் 85 கட்டைகளோடு நின்றவை. சுத்தியல்களுக்கும் அதே போல எண் உண்டு. சுத்தம் செய்ய எடுப்பவர் வரிசையை மாற்றிவிட்டால் ஒன்றும் பொருந்தாது. ஒரே வடிவம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு கட்டையும் அதனதன் இடத்துக்கென்றே அறுக்கப்பட்டது. இடக்கோடியிலுள்ள முதல் கட்டையின் பக்கவாட்டில், அல்லது வலக்கோடியிலுள்ள கடைசிக் கட்டையில், பென்சிலில் கையெழுத்தோ தேதியோ இருக்கிறதா என்று உங்கள் ட்யூனர் அவற்றை எடுக்கும்போது கேளுங்கள். கட்டை செய்தவர்களும் பின்னால் வந்த ட்யூனர்களும் அங்கே எழுதும் பழக்கம் உண்டு.

அப்படி எழுதுகிறவற்றில் மிக முக்கியமானது சுருதி. "435", "440", "சி 522" போன்ற குறிப்புகள் கிடைக்கலாம். இன்று உலகம் முழுதும் பொதுவாக நடு ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்று வைத்திருக்கிறோம். அது 1939-இல் லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதற்கு முன் பிரான்சு 1859-இல் 435 என்று சட்டம் போட்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அது 452 வரை ஏறியிருந்தது. அங்கே ட்யூனர்கள் சி சுர இசைக்கவையை வைத்தே வேலை செய்ததால் "சி 522" என்று எழுதினார்கள். அதன் பொருள் ஏ 439. உங்கள் பியானோ இப்போது அரைச் சுரம் இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக 440-க்கு ஏற்றச் சொன்னால் மொத்த இழுவிசை சுமார் 12 சதவீதம், அதாவது இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைய, ஏறும். முழு இரும்புச் சட்டம் இதைத் தாங்கலாம். முக்கால் சட்டமும் துருப்பிடித்த கம்பியும் தாங்காமல் போகலாம். "இதற்கு மேல் ஏற்றாதே" என்று முன்பு வந்த ட்யூனர் ஒரு மூலையில் எழுதிவைத்திருந்தால், அந்த ஒரு வரி உங்கள் பியானோவைக் காப்பாற்றும். அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு 440 கேட்பது ஆபத்து.

இவ்வளவையும் படித்த பின் உங்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியங்கள்தான்.

திருச்சபைக் குழுவினரே, உங்கள் சொத்துப் பதிவேட்டில் "பியானோ - 1" என்று மட்டும் இருந்தால் அந்த வரியை விரித்து எழுதுங்கள். பெயர், வரிசை எண், கட்டைகளின் எண்ணிக்கை, முழுச் சட்டமா முக்கால் சட்டமா, நேர்க்கம்பியா குறுக்குக்கம்பியா, ஆக்‌ஷன் யாருடையது என்று ஆறு விவரம் போதும். யாராவது நன்கொடையாகக் கொடுத்ததென்றால் அதையும் சேருங்கள். பழைய கூட்டக் குறிப்புகளில் வாங்கிய ஆண்டு இருந்தால் அதை வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பள்ளி நிர்வாகிகளே, இந்த வேலையை உங்கள் மாணவர்களிடம் கொடுங்கள். கம்பியின் நீளம், தடிமன், இழுவிசை, அதிர்வெண் பற்றி இயற்பியல் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சூத்திரம் முழுதும் செம்பிலும் எஃகிலும் கண்முன்னே நீட்டியிருக்கிறது. ஓர் ஆசிரியர் கூட நின்று, எதையும் தொடாமல் பார்த்து எழுதச் சொன்னால் போதும். இசை ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே பொருளை வைத்துப் பாடம் நடத்தும் வாய்ப்பு அடிக்கடி வராது.

வீட்டில் வைத்திருப்பவர்களே, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். யார் வாங்கினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வந்து ட்யூன் செய்வார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை உள்ளே இருக்கும் எழுத்துகளோடு சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள். உள்ளே இருக்கும் எண்ணை எந்தப் பட்டியலிலும் தேடலாம். உங்கள் வீட்டில் அது வாழ்ந்த காலத்தைச் சொல்ல அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

புதுப்பிக்க முடிவெடுத்திருந்தால், வேலை கொடுக்கும்போது எழுத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: எண்கள், முத்திரைகள், பென்சில் குறிப்புகள் எதையும் தேய்க்கக் கூடாது, வண்ணம் பூசினால் அந்த இடங்களை மறைத்துவிட்டுப் பூச வேண்டும், கம்பியின் தடிமன் பட்டியலை வேலைக்கு முன்னும் பின்னும் கொடுக்க வேண்டும். நல்ல தொழிலாளி இந்த நிபந்தனையைக் கண்டு கோபப்பட மாட்டார். உங்கள் பியானோவை நீங்கள் மதிக்கிறீர்கள் என்று அறிந்து இன்னும் கவனமாகச் செய்வார்.

எல்லாம் பார்த்த பின்னும் விற்பதுதான் வழி என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். பின்கள் செருகிய மரம் பிளந்து, சவுண்ட்போர்டைக் கரையான் அரித்துவிட்ட பியானோவை வைத்துக்கொண்டு இடத்தை அடைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளின் ஒரு நகல் வாங்குபவருக்குப் போகட்டும், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இரும்பை உருக்குபவருக்கே போனாலும், எந்த நிறுவனத்தின் எந்த எண் இந்த ஊருக்கு வந்து எத்தனை ஆண்டு இங்கே ஒலித்தது என்ற செய்தியாவது உருகாமல் இருக்கும். நம் ஊர்களுக்கு வந்த பியானோக்களைப் பற்றி நாளை ஒருவர் எழுத உட்கார்ந்தால், அவருக்கு வேண்டிய ஆதாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். யார் திறப்பது, யார் படமெடுப்பது, யார் எழுதுவது என்று அங்கேயே பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுங்கள். விலை பேசுவதும் வண்ணம் தேர்ந்தெடுப்பதும் அதற்கு அடுத்த கூட்டத்தில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
உங்கள் பியானோவின் நலம் விரும்பும்
ஒரு ட்யூனர்